தலையில்லாத மல்லர்களும் ஒன்பதாம் கழுகும்

எல்மர் கபாஹுக்குக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. 'கழுகு-9' வெளியாகி முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் அவன் நடத்தும் இணையக் குழுவில் இருந்த நாலாயிரம் பேரில் பாதிப்பேர் வந்து பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"லோடி, பறக்குது லோடி!"

"சூடே ஆகல மாஸ்டர். ஃபோன் ஐஸ்கட்டி மாதிரி இருக்கு."

"எட்டாம் கழுகைவிட டபுள் வேகம். ஃபோன் கம்பெனிக்காரன் நம்ம செபுவுக்கு வந்து உங்ககிட்ட பாடம் படிக்கணும்."

லோடி என்றால் எங்கள் ஊர்ப் பையன்கள் பாஷையில் தலைவா. இருபது தடவை படித்தான். போதாதென்று மனைவி மரிவிக்குக்கும் உரக்கப் படித்துக் காட்டினான். பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள் மரிவிக். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துவிட்டு வந்தவள், இவன் வாயையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"சரி டோங். எனக்குச் சாப்பாட்டு மேஜை எப்ப கிடைக்கும்?"

டோங் என்றால் எங்கள் ஊரில் தம்பி, ராசா மாதிரி. நியாயமான கேள்விதான். அந்த வீட்டில் இருப்பது ஒரே மேஜை. அதில் நாலு பழைய ஃபோன், ஒரு மடிக்கணினி, ஒரு மின்விசிறி, குடல் மாதிரி ஒயர்கள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள்.

எல்மர் பகலில் பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை பார்க்கிறான். பிறந்தநாள், பட்டமளிப்பு, தேர்தல் என்று எது வந்தாலும் முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் ஒளிவட்டம் போட்டுக் கொடுப்பான். மிச்ச நேரமெல்லாம் டிரைவர் கட்டுவான். ஃபோனுக்குள் படம் வரைகிற சில்லு ஒன்று இருக்கிறது. எதை எப்படி வரைவது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிற மென்பொருள்தான் டிரைவர். கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்ததை ஓரம் கட்டிவிட்டு, உலகத்தின் நாலு மூலையில் இருக்கும் ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கும் டிரைவரைப் போட்டால், பழைய விளையாட்டுகளெல்லாம் ஃபோனில் ஓடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது ஓடியாக வேண்டும்.

இதில் எல்மரின் பங்கு என்ன என்று கேட்டால் அவனே அசடு வழிவான். எவனோ உழுது, எவனோ நட்டு, எவனோ அறுத்த நெல்லை இவன் பொட்டலம் கட்டி, மேலே ஒரு கழுகுப் படத்தை ஒட்டுவான். அவ்வளவுதான். "நான் எழுதினது கழுகோட மூக்கு மட்டும்தான்" என்று மரிவிக்கிடம் அவனே ஒருநாள் சொல்லியிருக்கிறான்.

ஆனால் ஒன்பதாம் கழுகு அப்படி இல்லை. அதற்குள் அவன் சொந்தமாக எழுதிய இருநூறு வரிகள் இருந்தன. மலிவான ஃபோன்களில் வரும் ஒரு சில்லில், ஒரு பழைய மல்யுத்த விளையாட்டை எந்த டிரைவரில் ஓட்டினாலும் மல்லர்களுக்குத் தலையே தெரியாது. கழுத்துக்கு மேலே வெட்டவெளி. அந்தச் சில்லு எல்மரிடம் கிடையாது. குழுவில் வந்த படங்களைப் பார்த்து, மூல டிரைவரை வரி வரியாகப் படித்து, மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு திருத்தம் எழுதினான். அதை மூலத் திட்டத்துக்கே அனுப்பியும் வைத்தான். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அந்தப் பெரிய பட்டியலில் ஒரு வரிக்குப் பக்கத்தில் அவன் பெயர் இருக்கும். கழுகு இல்லாமல், ஒளிவட்டம் இல்லாமல், வெறும் பெயர். அதற்காக அவன் எதையும் கொடுப்பான்.

மரிவிக்கிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டான். இந்தத் தடவை ஏற்காவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவதாக வாக்கு. வெள்ளிக்கிழமையோடு இந்தப் பதிப்புக்குக் கதவு அடைத்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை மூலத் திட்டத்திலிருந்து பதில் வந்தது. ஹென்ரிக் என்ற வெள்ளைக்காரர், அங்கே வருவதையெல்லாம் சரிபார்ப்பவர். 'யோசனை நன்றாக இருக்கிறது. எந்த ஃபோனில் சோதித்தீர்கள்?' என்று கேட்டிருந்தார்.

'இரண்டாயிரம் ஃபோன்களில்' என்று எல்மர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுதினான்.

'அப்படியானால் ஒரே ஒரு லாக் கோப்பு அனுப்புங்கள்' என்றார் ஹென்ரிக்.

இவ்வளவுதானா என்று குழுவில் கேட்டான். பத்து நிமிடத்தில் முப்பது லாக் வந்து விழுந்தது. விளையாட்டு ஓடும்போது ஃபோன் தானே எழுதிவைக்கும் குறிப்பு அது; எந்த டிரைவர் ஓடுகிறது என்று முதல் பத்து வரிக்குள் இருக்கும். முதல் லாக்கில் கம்பெனி டிரைவரின் பெயர் இருந்தது. சரி, இந்த ஆள் ஏதோ தப்பாகப் போட்டிருக்கிறான் என்று இரண்டாவதைத் திறந்தான். அதிலும் கம்பெனி. மூன்றாவதிலும். பதினைந்தாவது வரும்போது எல்மருக்கு வியர்த்துவிட்டது.

தன்னுடைய ஜிப் கோப்பையே இறக்கிப் பிரித்துப் பார்த்தான். உள்ளே கழுகுப் படம் இருந்தது. நன்றியுரை இருந்தது. 'இரும்பு இறக்கை, எரிமலை வேகம்' என்று அவனே எழுதிய விளம்பரம் இருந்தது. டிரைவர் இல்லை.

புதுக் கழுகுப் படத்தைச் சேர்க்கிறேன் பேர்வழி என்று கோப்புறையை இடம் மாற்றியதில், டிரைவரைப் பொட்டலத்துக்குள் போடும் கட்டளை வெறும் காற்றை எடுத்துப் போட்டிருக்கிறது. படம் பேனர் அளவுக்குப் பெரிசு, ஆகவே கோப்பின் எடையும் சந்தேகம் தரவில்லை. விளையாட்டுச் செயலியோ பொட்டலத்தில் ஒன்றும் இல்லையென்றால் சத்தம் போடாமல் கம்பெனி டிரைவரையே ஓட்டிவிடும். இவன் தன் ஃபோன்களில் சோதிக்கும்போது பொட்டலத்தைத் தொடுவதே இல்லை, டிரைவரை நேரடியாகத்தான் போடுவான். தான் சமைத்ததைத் தானே பரிமாறிச் சாப்பிட்டால் உப்பு எங்கே தெரியும்?

ஆக, இரண்டாயிரம் பேர் பாராட்டியது ஒரு பறவையின் படத்தை.

மரிவிக்கிடம் சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த தட்டு சரிந்து, டினோலா குழம்பு தரையில் ஓடியது.

"சூடே ஆகலைன்னான் பாரு ஒருத்தன்! ஐயோ, ஐஸ்கட்டின்னான்!"

"சிரிக்காத. நாலாயிரம் பேருக்குத் தலைவன் நான்."

"நாலாயிரத்துல ஒருத்தன்கூடவா டோங் சொல்லல, ஒண்ணும் மாறலைன்னு?"

ஒருத்தி சொல்லியிருந்தாள். 'பிரிமா உலர்கணவாய், டபோஆன் சந்தை' என்ற பெயரில் ஒரு அம்மாள். தலை தெரியாத அதே மலிவுச் சில்லுதான். 'டோங், போட்டுப் பார்த்தேன். தலை இன்னும் வரலை' என்று எழுதியிருந்தாள். அதற்கு இவன், மனாங் என்று அக்கா முறை வைத்தே, 'உங்க ஃபோனுக்குப் பேய் பிடிச்சிருக்கு மனாங், பாதிரியாரைக் கூப்பிடுங்க' என்று பதில் போட்டுவிட்டு, நாலு பேர் சிரித்ததும், அவளைக் குழுவிலிருந்து நீக்கியும் விட்டான். குறை சொல்பவரை நீக்குவது எங்கள் குழுக்களில் வழக்கம்தான். யாரும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை.

முதலில் குழுவில் உண்மையைப் போட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தான். 'ஒன்பதாம் கழுகுக்குள் டிரைவரே இல்லை. தப்பு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.' அனுப்பிவிட்டு, அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"மாஸ்டருக்கு எவ்வளவு பணிவு பாருங்க!"

"உள்ள ஒண்ணும் இல்லாமலே இந்த வேகம்னா, இருந்தா எப்படி இருக்கும்!"

"லோடி, தயவுசெஞ்சு ஒண்ணும் இல்லாததையே குடுங்க. எங்களுக்கு அதுவே போதும்."

இவர்களிடம் இனி பேசிப் பிரயோசனம் இல்லை. புதன்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு டபோஆன் சந்தைக்குப் போனான். உலர்மீன் வாடை சட்டையில் ஏறிக்கொண்டது. டங்கிட் கருவாட்டுக் குவியல்களுக்கு நடுவே, மூக்கில் கண்ணாடி தொங்க, ஃபோனைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஐம்பது வயதுக்காரி ஒருத்தி.

"மனாங் பிரிமா?"

"கால் கிலோவா, அரையா?"

"வாங்க வரல மனாங். நான்... கழுகு."

அவள் நிமிர்ந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "கழுகா? கோழி மாதிரி இருக்க."

"ஆமா மனாங்."

"என் ஃபோனுக்கு மந்திரிக்கச் சொன்னவன் நீதானா?"

"நான்தான்."

"வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினவன்?"

"அதுவும் நான்தான்."

"லூர்தெஸ்! இங்க வா!" என்று பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தாள். "எனக்குப் பேயோட்டச் சொன்னானே ஒரு மேதாவி, ஆளே வந்து நிக்கிறான்!"

ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். எல்மருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் எல்லார் முன்னாலும் சொன்னான். "பொட்டலத்துக்குள்ள ஒண்ணுமே இல்ல மனாங். எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் சரியாப் பார்த்தீங்க. தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க."

"நான் என்னடா பெரிசாப் பார்த்தேன்? தலை இல்ல. இல்லைன்னு சொன்னேன்." அவள் ஃபோனை நீட்டினாள். "கை கழுவிட்டுத் தொடு."

இந்தத் தடவை பொட்டலத்தை மூன்று முறை பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டான். விளையாட்டு தொடங்கியது. மேடை வந்தது, கயிறு வந்தது, மல்லர்கள் வந்தார்கள். கழுத்துக்கு மேலே தலை இருந்தது.

"இயேசு மரி சூசை!" என்று கத்தினாள் பிரிமா. "இவன் மீசை வச்சிருக்கானா! ரெண்டு வருஷமா இவன்கூட மல்லுக்கட்டுறேன், மீசையே தெரியாது எனக்கு!"

எல்மருக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. அப்போதுதான் திரையின் மூலையில் ஓடிய எண்ணைப் பார்த்தான். முன்பு நொடிக்கு நாற்பது படம் வந்த இடத்தில் இப்போது முப்பத்தாறு. அவனுடைய இருநூறு வரிகளும் தலையைக் கொண்டுவந்துவிட்டுக் காலை உடைத்திருந்தன.

"மெதுவாப் போகுதே மனாங்."

"போகட்டுமே. யாரை அடிக்கிறேன்னாவது தெரியுதே."

அன்று சாயந்திரம் ஹென்ரிக்குக்கு எழுத உட்கார்ந்தான். லாக்கைச் சேர்த்தான். 'தலை வருகிறது' என்று எழுதினான். அடுத்த வரியில் கை நின்றுவிட்டது. நாலு படம் குறைகிறது என்று சொன்னால் கதை முடிந்தது. வேகத்தைக் குறைக்கும் திருத்தத்தை எவனும் சேர்த்துக்கொள்ள மாட்டான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தச் சில்லு வைத்திருப்பவர்களில் எண்ணிப் பார்க்கிறவர் எத்தனை பேர்? 'வேகத்தில் மாற்றம் இல்லை' என்று தட்டினான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஐஸ்கட்டி மாதிரி இருக்கிறது என்றவன் முகம் எப்படி இருக்குமோ தெரியாது, ஆனால் அது தன் முகம் மாதிரியே இருக்கும் என்று பட்டது. சீ என்று ஆகிவிட்டது. அழித்துவிட்டு, 'நொடிக்கு நான்கு படம் குறைகிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. சோதித்தவர் பிரிமிதீவா' என்று பிரிமாவின் முழுப்பெயரோடு எழுதி அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை மாலை பதில் வந்தது. முதல் வரியே, 'உங்கள் இருநூறு வரிகளைச் சேர்க்க முடியவில்லை.'

எல்மர் மேற்கொண்டு படிக்கவில்லை. மடிக்கணினியை மூடினான். ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான்.

மரிவிக் கைப்பையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "என்ன டோங்?"

"சேர்க்கல. வாக்கு வாக்குதான். மேஜையை எடுத்துக்கோ."

அவள் மேஜையை எடுத்துக்கொள்ளவில்லை. மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்து, பல்லைப் பார்க்கிற மாதிரியே உற்றுப் பார்த்து, நிதானமாகப் படித்தாள்.

"முழுசாப் படிச்சியா நீ?"

"எதுக்கு?"

"கேளு. 'வேகம் ஏன் குறைகிறது என்று தேடிப் போனேன். பழைய தவறு ஒன்று, நானே ஆறு வருடம் முன்பு செய்தது, அங்கே இருந்தது. ஒரே வரியில் திருத்திவிட்டேன். இப்போது தலையும் வரும், வேகமும் குறையாது. குறைகிறது என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால், உங்கள் இருநூறு வரிகளை அப்படியே சேர்த்துவிட்டு நான் தேடாமலேயே இருந்திருப்பேன்.'"

எல்மர் ஒயரை மேஜையில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

"கீழ பேரெல்லாம் இருக்கு. 'குறையைத் தெரிவித்தவர் எல்மர் கபாஹுக். சோதித்தவர் பிரிமிதீவா.' அப்புறம், 'இந்தச் சில்லில் இன்னும் பதினோரு குறைகள் கிடக்கின்றன. உள்ளதை உள்ளபடி சொல்லும் ஆள் இதுவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் இருவரும் பார்த்துச் சொல்வீர்களா?'"

படித்து முடித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளா? உன்னையா சொல்றான்?"

"சோதிச்சவரைச் சொல்றாரு போல."

"இல்ல. 'இருவரும்'னு இருக்கு."

எல்மருக்கு அழுகை வந்துவிட்டது. நாலாயிரம் பேர் லோடி லோடி என்றபோது வராதது, ஒரு வரிகூடச் சேராத அன்றைக்கு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

மரிவிக் எழுந்து, சுருட்டிய ஒயர்களையெல்லாம் மேஜையின் ஒரு பக்கமாகத் தள்ளினாள். மறுபக்கத்தைத் துணியால் துடைத்தாள். இரண்டு தட்டை எடுத்து வைத்தாள்.

"பாதி உனக்கு. உக்காரு, சாப்பிடலாம்."