கட்டத்துக்குள் நிற்பது

பார்க்கில் விளையாடும்போது பந்து பட்டுவிட்டது என்றுதான் நர்ஸிடம் சொன்னேன். யார் எறிந்த பந்து என்று கேட்டாள். பெரிய பையன்கள், யாரென்று தெரியவில்லை என்றேன். எழுதிக்கொண்டாள். பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என் மகன் முஸ்அபிடம் தனியாகக் கேட்டாள். அவனுக்குப் பதினொரு வயது. இடது கண் வீங்கி மூடிவிட்டது, கன்னத்தில் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. அந்த நிலைமையிலும் நான் சொன்னதையே அவனும் சொல்லியிருக்கிறான். நர்ஸ் வெளியே வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தபோது அது தெரிந்தது.

பந்தை எறிந்தது அவன் வாப்பா. என் கணவர் கமால்.

இது 2004 செப்டம்பரில் நடந்தது. நாங்கள் அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. முஸ்அபுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் பதில் இங்கிலீஷில்தான் வரும். ஸ்கூலில் அவனை யாரும் முஸ்அப் என்று கூப்பிடுவதில்லை, மூஸ் என்பார்கள். பேஸ்பால் பைத்தியம். கமால் பாளையங்கோட்டையில் காலேஜ் கிரிக்கெட் டீமுக்கு வேகப்பந்து போட்டவர். மகனுக்காக இந்த ஆட்டத்தையும் புத்தகம் வாங்கிப் படித்துக் கற்றுக்கொண்டார். சனி ஞாயிறு இரண்டு பேரும் வெளியே போனால் இருட்டித்தான் வருவார்கள். அப்போதெல்லாம் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் ஆகஸ்டில் டவுன் டீமுக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ரையவுட் நடந்தது. மட்டை பிடிப்பவன் நிற்பதற்குத் தரையில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். பந்து வரும்போது அதற்குள்ளேயே நின்று அடிக்க வேண்டும். முஸ்அபுக்குப் பந்து கிட்டே வந்ததும் பின்னங்கால் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஒருமுறை இல்லை, எல்லா முறையும். அவனை எடுக்கவில்லை.

"பயம். வேற ஒண்ணும் இல்ல," என்றார் கமால். "இப்பவே உடைக்கலன்னா ஆயுசு பூரா இப்படியேதான் இருப்பான்."

ஆபீஸிலிருந்து வந்ததும் டையைக்கூடக் கழற்றாமல் அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் டவுன்ஹவுஸ் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிக்குப் போய்விடுவார். "நகராதே!" என்ற சத்தம் சமையலறைவரை கேட்கும். மூன்று வாரம் இப்படி நடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஹெல்மெட் இருக்கற தைரியத்துலதான் நீ பந்தையே பார்க்க மாட்டேங்கற. கழட்டு அதை."

முகத்துக்குக் கம்பி வைத்த ஹெல்மெட் அது. முஸ்அப் கழற்றிப் புல்லில் வைத்தான். நான் பார்த்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு எட்டு வைத்தால் போதும், அவன் பக்கத்தில் போயிருக்கலாம். வாப்பாவும் மகனும் ஏதோ செய்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

கமால் முன்னால் நடந்து வந்தார். வழக்கமாக எறிகிற தூரத்தில் பாதிகூட இல்லை. "நகர்ந்தே, பார்த்துக்கோ," என்று சொல்லிவிட்டு எறிந்தார். கோபத்தில் எறிந்தாரா, எப்படியும் அவன் விலகிவிடுவான் என்று நினைத்து எறிந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு அவன் நகரவில்லை.

காரில் போகும்போது கமால் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "பார்க்ல பட்டுச்சுன்னு சொல்லு ருக்ஸானா. நான்னு தெரிஞ்சா போலீஸ் வரும். புள்ளைய எடுத்துட்டுப் போயிருவாங்க. கிரீன் கார்டு வேற பெண்டிங்ல இருக்கு." பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துக் கிடந்த முஸ்அப் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

கன்ன எலும்புக்குத் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று நாலு மாதம் சொன்னான். பிறகு சரியாகிவிட்டது என்றான். நிஜமாகச் சரியானதா, சொல்லிச் சலித்துவிட்டதா, தெரியவில்லை. கமால் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. புது மட்டை ஒன்று வாங்கிவந்து அவன் அறை வாசலில் வைத்தார். அது அங்கேயே இரண்டு வாரம் சாய்ந்து கிடந்தது. அப்புறம் நான்தான் கராஜில் கொண்டுபோய் வைத்தேன். வீட்டில் மூன்று பேரும் மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தோம். சாப்பிட வா, ஹோம்வொர்க் முடிஞ்சதா, லைட்டை அணை. அதற்குமேல் பேச்சு இல்லை.

அடுத்த ஜூலையில் முஸ்அப் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தான். ட்ரையவுட் படிவம். பெற்றோர் கையெழுத்து போடும் இடத்தில் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தான்.

"ஸைன் பண்ணுங்க, உம்மா. அவர்கிட்ட சொல்லாதீங்க," என்றான் இங்கிலீஷில். அப்போதெல்லாம் கமாலை அவன் 'அவர்' என்றுதான் சொன்னான்.

காகிதத்தை அவன் பக்கமே தள்ளினேன். "வேணாம்டா. மறுபடியும் அங்க பட்டுச்சுன்னா?"

"ஸயந்தினி அக்காகிட்ட கேளுங்க," என்றான், அதுவும் இங்கிலீஷில்தான்.

ஸயந்தினி அவன் சிநேகிதன் மயூரனின் அக்கா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், இரண்டு தெரு தள்ளி வீடு. ஹைஸ்கூல் ஸாஃப்ட்பால் டீமில் பந்து எறிகிறவள். மயூரனோடு வீடியோ கேம் ஆடப் போகிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மத்தியானங்களில் அவன் அவளோடு பள்ளிக்கூட மைதானத்தில் இருந்திருக்கிறான். அன்று சாயங்காலமே போய்ப் பார்த்தேன். கராஜ் வாசலில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல் கிழமை ஏழு நாளும் அவன் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டு நிண்டவன், அன்ரி. ரெனிஸ் பந்துதான் எறிஞ்சனான். அதுக்கே கை நடுங்கும். ரெண்டு தரம் சத்தி எடுத்தவன். நான் விடுவம் எண்டன். அவன்தான் இன்னொண்டு, இன்னொண்டு எண்டு நிண்டவன்."

"வாந்தி எடுத்தானா? இப்ப எப்படி?"

"இப்பவும் நடுக்கம் இருக்கு. ஆனா நிக்கிறான்." ஷூவைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "என்ன நடந்ததெண்டு எனக்குச் சொன்னவன், அன்ரி. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பதினேழு வயதுப் பெண். சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கையெழுத்து போட்டேன்.

ட்ரையவுட் அன்று காலையில் அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. காரில் முழங்காலை ஆட்டிக்கொண்டே வந்தான். நான் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினேன். மைதானத்தில் நாற்பது பையன்கள் இருந்தார்கள். முதுகில் எண் எழுதிய தாளைக் குத்திவிட்டார்கள், இவனுக்கு இருபத்து மூன்று. ஓடச் சொன்னபோது நன்றாக ஓடினான். தரையோடு உருண்டு வந்த பந்துகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பிடித்தான். எனக்கே கொஞ்சம் மூச்சு வந்தது. கடைசியாக மட்டை. ஆளுக்கு எட்டுப் பந்து.

முதல் பந்தை அடிக்கப் போய்த் தவறவிட்டான், ஆனால் நகரவில்லை. இரண்டாவது பந்து மட்டையில் உரசிக்கொண்டு பின்னால் வேலிக்குப் போனது. பந்து எங்கே போனதென்று பார்க்கத் திரும்பினான். அப்படியே நின்றான்.

வேலிக்கு வெளியே கமால் நின்றுகொண்டிருந்தார்.

போன வருஷம் பதிவு செய்தபோது கொடுத்த இமெயில் அவருடையது. ட்ரையவுட் நேரத்தை அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் கிளம்பிய பிறகு அவரும் வந்திருக்கிறார். கம்பி வலையில் விரலை மாட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

மூன்றாவது பந்து வந்தபோது முஸ்அபின் பின்னங்கால் கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. நாலாவது பந்துக்கு மட்டையை விட்டுவிட்டுக் கீழே குந்தினான். பந்து தலைக்குமேலே எங்கேயோ போனது, அவனை நோக்கியே வரவில்லை. வரிசையில் நின்ற பையன்களில் யாரோ சிரித்தான். கோச் கையைக் காட்டி எறிபவரை நிறுத்தினார். "டேக் யுவர் டைம், பட்டி," என்றார்.

நான் எழுந்து வேலிப் பக்கம் போனேன்.

"என்னங்க, போயிருங்க."

"நான் ஒண்ணும் சொல்லலயே. பார்க்கத்தான் வந்தேன். என் புள்ளைய நான் பார்க்கக் கூடாதா?"

"அவன் பந்துக்குப் பயப்படல. உங்களுக்குப் பயப்படறான்."

கமால் என்னைப் பார்த்தார். அறைந்த மாதிரி அவர் முகம் சிவந்தது. "மெல்லப் பேசு. எல்லாரும் பார்க்கறாங்க," என்றார். ஆனால் நகரவில்லை.

அப்போது முஸ்அப் எங்களை நோக்கி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கம்பிக்குள் அவன் முகம் வெளுத்துக் கிடந்தது, உதட்டில் எச்சில் காய்ந்திருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவர்.

"வாப்பா, நீங்க போங்க," என்றான்.

தமிழில் சொன்னான். எத்தனையோ வருஷம் கழித்து அவன் வாயிலிருந்து வந்த முழுத் தமிழ் வாக்கியம் அது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. கமால் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவன் காத்திருந்தான், கண்ணை எடுக்கவில்லை. அவர் வலையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பார்க்கிங் பக்கம் நடந்தார். கார் கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை முஸ்அப் அங்கேயே நின்றான்.

மீதி நாலு பந்து. ஐந்தாவதற்குக் கால் மறுபடி வெளியே போனது. அவன் குனிந்து, கட்டத்தின் கோட்டைப் பார்த்து, காலைத் தூக்கி உள்ளே வைத்தான். ஏதோ கனமான சாமானை எடுத்து வைக்கிற மாதிரி. ஆறாவது பந்து எறிபவரின் கையிலிருந்து தவறி நேராக அவன் மேலேயே வந்தது. அவன் தோளைத் திருப்பிக்கொண்டான், பந்து முதுகில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எறிந்தவர் பதறி ஓடிவந்தார். முஸ்அப் கையைக் காட்டி வேண்டாம் என்றான். கால் இரண்டும் கட்டத்துக்குள் இருந்தன. ஏழாவதைத் தவறவிட்டான். எட்டாவதை அடித்தான். பெரிய அடியெல்லாம் இல்லை. பந்து தாழப் பறந்து, நடுவில் நின்ற பையனைத் தாண்டி, இரண்டு தரம் குதித்துப் புல்லில் நின்றது.

காருக்கு வந்ததும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் வாந்தி எடுத்தான். வெறும் தண்ணீர்தான் வந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "வலிக்குதா?" என்று கேட்டேன். முதுகைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து இல்லை என்றான்.

செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்தது. பன்னிரண்டு பேர், இருபத்து மூன்று கடைசியில் இருந்தது. அவன் கத்தவும் இல்லை, குதிக்கவும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாலைந்து தரம் படித்தான். பிறகு ஸயந்தினிக்குப் போன் பண்ணினான். அந்தப் பக்கம் அவள் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கமால் அவன் அறை வாசலில் போய் நின்றார். நான் படியில் நின்றிருந்தேன்.

"டீம்ல பிக் ஆயிட்டியாமே."

"யா."

"அன்னைக்கு ஹெல்மெட்டைக் கழட்டச் சொன்னது நான்தான். அவ்வளவு கிட்ட வந்திருக்கக் கூடாது." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னோடதுதான், முஸ்அப்."

"ஐ நோ," என்றான் அவன்.

"மேட்ச் பார்க்க வரட்டுமா? தூரமா நின்னுக்கறேன்," என்றார் கமால்.

"நோ."

கோபமாகச் சொல்லவில்லை. டாக்டர் எங்கே வலிக்கிறது என்று அழுத்திப் பார்க்கும்போது சொல்லுகிற மாதிரி சொன்னான். கமால் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி அவனைச் சமாதானப்படுத்துவேன் என்று எதிர்பார்த்தார். இத்தனை வருஷமும் அதைத்தான் செய்திருக்கிறேன். அன்றைக்கு நான் படியை விட்டு அசையவில்லை. அவர் என்னைத் தாண்டிக் கீழே போய், டிவியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த வருஷம் பதினாலு மேட்ச். பதினாலுக்கும் நான்தான் கூட்டிப்போனேன். ஒவ்வொன்றிலும் மட்டை பிடிக்க எழுவதற்கு முன்னால் அவன் மைதானத்து ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். கோச் அதைக் கண்டுகொள்வதில்லை. பல தடவை அவுட் ஆனான், சில தடவை அடித்தான். சனிக்கிழமைகளில் கமால் வீட்டில் இருந்தார். நாங்கள் திரும்பி வரும்போது சோறு வடித்து வைத்திருப்பார், ஸ்கோர் என்ன என்று என்னிடம் கேட்பார். நான் சொல்வேன். முஸ்அப் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவான்.