மூடி போட்ட அறை

நகப்பூச்சு கலக்கும் பட்டறையில், தங்கையின் இடதுகைச் சுண்டுவிரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆவியாகிப் போனது. ரத்தமில்லை, வலியில்லை, விரல் இருந்த இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசனை மட்டும் நின்றது. பட்டறையை நடத்திய அக்கா முகர்ந்து பார்த்து, சுத்தமான சரக்கு என்றாள்.

காரணம் ஊரறிந்தது. பூச்சைச் சட்டென்று உலரவைக்கும் வாழைப்பழ வாசனைத் திரவத்தில், அதை டிரம்மில் கொண்டுவந்து விற்கும் வியாபாரி மண்ணெண்ணெய் கலப்பான். கண்ணாடியில் சொட்டுவிட்டுச் சோதித்தால் ஆயிரம் சாக்குச் சொல்வான். தோலில் சோதித்தால் வாயடைத்துப்போவான். ஆகவே தங்கை பதினான்கு வருடமாக ஒவ்வொரு டிரம்மிலும் விரலை முக்கி, இருபது எண்ணுவதற்குள் உலர்கிறதா என்று பார்த்துவந்தாள். விரலும் கூடவே உலரப் பழகிவிட்டது.

அடுத்த மாதம் மணிக்கட்டு போனது. மருத்துவர் எடை பார்த்துவிட்டு, நோயில்லை என்று எழுதிக்கொடுத்தார். உருப்படியான யோசனை டிரம் வியாபாரியிடமிருந்துதான் வந்தது: "மருந்து எதுக்கும்மா? மூடி போடுங்க. மூடின சரக்கு எங்க போயிடும்?"

முடிதிருத்துபவரான கணவர், தங்கையை மாடி அறையில் விட்டு, அதன் இடுக்குகளை மெழுகால் அடைத்தார். உள்ளேயே ஆவியானவள் காலையில் சன்னல் கண்ணாடியில் துளித்துளியாக இறங்கி மறுபடி ஆளானாள். சில நாள் ஒரு காது சற்றுத் தள்ளி முளைத்திருக்கும். அதை யார் பார்த்தார்கள்? தொல்லை கதவில்தான். அவர் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் அவளில் கொஞ்சம் தெருவோடு போயிற்று.

"நேத்து நீங்க வந்ததுல முழங்கை போச்சு."

"சோறு குடுக்க வேணாமா?"

"பசியே இல்லன்னு எத்தன தடவ சொல்றது? பாக்க வர்றீங்க, பழிய சோத்து மேல போடுறீங்க."

நாற்பது நாள் அவர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசினார். கடையில் இரண்டு பேருக்குக் காதை வெட்டினார். நாற்பத்தொன்றாம் நாள் கத்திரிக்கோலைத் துடைத்து வைத்துவிட்டு அக்காவிடம் வந்தார்.

"அண்ணி, நான் உள்ள போனதும் மெழுக ஊத்திடுங்க."

"புத்தி கெட்டுப்போச்சா மாப்பிள்ள? எப்ப வெளிய வருவீங்க?"

"போறது ஒரு தடவதான் அண்ணி. வந்து வந்து போறதுலதான் நஷ்டம்."

அக்கா அழுதுகொண்டே ஊற்றினாள். ஒரு சொட்டும் வீணாக்கவில்லை. ஒன்பது வருடமாகிறது. விடிந்ததும் கண்ணாடியின் உட்புறம் பெரிதும் சிறிதுமாக இருவிதத் துளிகள் இறங்குகின்றன. எட்டு மணிக்கு மேல், யார் எங்கே காலை நீட்டுவது என்று சண்டை கேட்கிறது. வாடகைக்கு அறை கேட்டு வருகிறவர்களிடம் அக்கா, "கீழதான் காலி. மேல குடும்பம் இருக்குது" என்கிறாள்.