அரிசி மேல் வைத்த குறி

தின்பதை எல்லாம் எழுதச் சொன்னால் எந்தப் பெண்ணும் முதலில் பொய்தான் எழுதுவாள். நானும் எழுதினேன். காலை: இட்லி நான்கு, பால் ஒரு டம்ளர். மதியம்: சோறு, சாம்பார், முட்டை ஒன்று. இரவு: சப்பாத்தி, ஆப்பிள். ஆப்பிளை நான் அதுவரை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கையில்தான் பார்த்திருந்தேன்.

நோட்டைக் கொடுத்தவர் எங்கள் கம்பெனியின் முதலுதவி அறையில் இருந்த அம்சவல்லி சிஸ்டர். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, ஹைவேயை ஒட்டி, டிரான்ஸ்பார்மர் செய்யும் கம்பெனி அது. செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் லைனில் நான் டிரெய்னி. வருஷம் 1991. அந்த ஊர்ப் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோன வருஷம், நல்ல காரணத்துக்காக அல்ல. இன்றைக்கு கார் கம்பெனி நிற்கிற இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் அப்போது வேலிகாத்தான் முள்தான் நின்றது. பர்மனென்ட் ஆக்குவதற்கு முன் எங்களுக்கு ரத்தம் சோதித்தார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஏழுதான் இருந்தது. அக்டோபருக்குள் குறைந்தது பத்து வர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதனால் குறைந்தது என்று கண்டுபிடிக்க, இரண்டு வாரம் வாயில் போடுவதை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார் சிஸ்டர்.

ரத்தம் எனக்குப் பெரிய கவலையாக இல்லை. இருபத்திரண்டு வயதில் யாருக்கு அது கவலை? என் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது வேறு. அதற்குப் பத்து நாள் முன்புதான் அமலா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

அமலாவும் நானும் கோயில் குளத்துக்குப் பின் தெருவில் ஒரே அறையில் ஒரு வருஷம் இருந்தோம். லைனிலும் அடுத்தடுத்த ஸ்டூல். மண்ணெண்ணெய் ஸ்டவ் அவள் பொறுப்பு, அரிசி புடைத்துக் கல் பொறுக்குவது என் பொறுப்பு. அவள் சமைத்தால் வெறும் புளித்தண்ணீரும் மணக்கும். சமைக்கும்போது மாதா பாட்டு பாடுவாள், நடுவில் உப்பு பார்க்க நிறுத்துவாள், விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடங்குவாள். சூப்பர்வைசரிலிருந்து வீட்டுக்காரர் பூனை வரை எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தாள். முறத்தோடு உட்கார்ந்து நான் நாலு அரிசியை வாயில் போட்டால் போதும், உடனே என் பெயரைச் சொல்லி ஆரம்பிப்பாள். "திங்காதடி இசை, கல்யாணத்தன்னிக்கு மழ கொட்டப் போவுது." நான் வேண்டுமென்றே இன்னும் நாலைப் போடுவேன். இருவரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அப்புறம் எத்தனையோ பேரோடு சிரித்தாயிற்று, அப்படி வயிறு வலிக்கச் சிரித்ததில்லை.

மாதம் பதினெட்டு கிலோ அரிசி வாங்கித் தகர டின்னில் கொட்டுவோம். இருவருக்கு முப்பது நாள் தாராளமாக வர வேண்டும். மூன்று மாதமாக இருபத்திரண்டாம் தேதியே டின்னின் அடி தெரிந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இரண்டே பேர் இருக்கிற அறையில், நான் எடுக்கவில்லை என்றால் வேறு யார்?

சந்தேகம் வந்தபின் கண்ணில் படுவதெல்லாம் சாட்சிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அமலாவின் அண்ணன் சுபாஷ் சைக்கிளில் அவளைப் பார்க்க வருவான். காலை ஓ.டி. முடித்து நான் அறைக்குத் திரும்பும்போது அவன் புறப்பட்டுக்கொண்டிருப்பான். சைக்கிள் ஹாண்டில் பாரில் ஒரு மஞ்சள் பை தொங்கும். அவன் வருகிற நேரத்தை நான் பார்த்ததே இல்லை. போகிற நேரத்தையும் பையையும் மட்டும் பார்த்தேன், அது எனக்குப் போதுமாக இருந்தது.

வாலாஜாபாத் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அறுவடைக் காலத்தில் களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, குவியல் மேல் அப்பா சாம்பலால் கோடு போட்டுக் குறி வைப்பார். யாராவது கை வைத்தால் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். சின்ன வயதில் அந்தக் கோட்டை ஒரு கோலம் போலத்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆனி மாதக் கடைசியில், அமலா குளிக்கப் போன நேரம், டின்னில் இருந்த அரிசியைச் சமமாக நிரவி, பாத்திரம் தேய்க்க வைத்திருந்த சாம்பலை எடுத்து அப்பா போடுவது போலவே ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் போட்டேன். நியாயம் என் பக்கம் என்று அத்தனை உறுதி.

அமலா வந்து டின்னைத் திறந்தாள். அரிசி அளக்கும் ஆழாக்கைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வைத்தது என்று கேட்டாள். நான்தான், யார் எடுக்கிறார்கள் என்று தெரியட்டும் என்றேன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் ஆழாக்கைக் கவிழ்த்து வைத்தாள். பாயைச் சுருட்டி, டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு, சுங்குவார்சத்திரத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். மறுநாளிலிருந்து லைனில் அதே அடுத்த ஸ்டூல்தான். ஆனால் கம்பிச் சுருள் வேண்டுமென்றால்கூட என்னைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் கேட்பாள்.

இந்த நிலையில்தான் நான் ஆப்பிள் எழுதிய நோட்டோடு சிஸ்டர் முன் போய் நின்றேன். அவர் படித்துவிட்டு, ஆப்பிள் எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். பதற்றத்தில் டீக்கடையில் என்றேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் ஒழுங்காக எழுதினேன். எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் உட்கார்ந்து தின்பது ஒரு வேளைதான். டீ மட்டும் ஒரு நாளைக்கு ஏழு, அதில் இரண்டு சாப்பிட்ட கையோடு. கீரை தின்றுவிட்டு உடனே டீயை ஊற்றினால் கீரையில் இருக்கிற சத்தை உடம்பில் சேர விடாமல் டீயே தடுத்துவிடும் என்று சிஸ்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. டீ குடித்தால் தெம்பு வருகிறதே என்றேன். அது தெம்பில்லை, வெறும் சூடு என்றார்.

இரண்டாவது வாரம் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்ப்பதற்காக நிமிரச் சொன்னார். வியர்வை துடைக்க, கம்பெனி ஓவர்கோட் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை இழுத்தேன். கூடவே ஒரு பிடி அரிசி வந்து சிமெண்ட் தரையில் சிதறியது.

"இது இன்னாம்மா?" என்றார் சிஸ்டர்.

"சும்மா, அரிசி."

"தெனம் திங்கறியா? இத ஏன் எழுதல?"

"அது சாப்பாடு இல்லயே, சிஸ்டர்."

பொய் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியிருந்தது. இலையில் விழுவது சாப்பாடு, தட்டில் விழுவது சாப்பாடு. முறத்திலிருந்து எடுப்பதும் பாக்கெட்டிலிருந்து எடுப்பதும் நகம் கடிப்பது போல ஒரு பழக்கம், அவ்வளவுதான். நாளையிலிருந்து அதையும் அளந்து போட்டுக்கொள், அளவை எழுது என்றார் சிஸ்டர்.

மறுநாள் காலை ஓர் ஆழாக்கு அரிசியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். மதிய மணி அடிப்பதற்குள் பாக்கெட் காலி. சாயங்காலம் அறைக்கு வந்து டின் பக்கத்தில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையைத் தொடர்கதை வரை புரட்டி முடிப்பதற்குள் இன்னோர் ஆழாக்கு. அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரமும் அப்படியே. சிஸ்டர் நோட்டின் பின்னட்டையில் பெருக்கிப் பார்த்தார். மாதத்துக்கு எட்டு கிலோ.

அவர் தொடர்ந்து ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தம் குறைந்தவர்களுக்குத்தான் அரிசி, சாம்பல், மண் என்று தின்னத் தோன்றுமாம். அரிசியால் வயிறு நிரம்பினால் சோறும் கீரையும் இறங்காதாம், இன்னும் ரத்தம் குறையுமாம், இன்னும் அரிசி கேட்குமாம். என் காதில் எட்டு கிலோ என்பது மட்டும்தான் நின்றது. அமலா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. தனியாள் நான், அரிசி மட்டும் இரண்டு பேர் தின்கிற வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்ததை தினமும் பார்த்தும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. திருடியை எங்கெல்லாமோ தேடிய நான், அவளைத் தினமும் ஓவர்கோட் மாட்டிக் கம்பெனிக்கு அழைத்துப் போயிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குப் போகாமல் சுங்குவார்சத்திரம் போனேன். அமலா அத்தை வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நோட்டைப் பிரித்து நீட்டினேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள், கடைசிப் பக்கம் வரை. முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"நீ திங்கறது எனுக்குத் தெரியும்டி," என்றாள். "மூஞ்சி வெளுத்துப் போயி கீற, பசிக்குதுன்னு திங்கற, தின்னுட்டுப் போவட்டும்னு வுட்டேன். எங்கண்ணன் பைய நீ பாத்த பார்வையும் தெரியும். அவன் எடுத்துகினு போவல. கொண்டாந்தான். எங்கப்பனுக்குக் கூலியா அளந்த நெல்லு, எங்கம்மா குத்தி அனுப்புனது. உனுக்குத் தெரியாம நான்தான் டின்னுல கொட்னேன். இருபத்திரெண்டாம் தேதி வரிக்குமாவது வந்துச்சே, எப்டி வந்துச்சின்னு நெனச்ச?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. நோட்டை மூடி என் கையில் வைத்தாள்.

"அரிசியக் கேட்டிருந்தா சண்ட போட்டுகினு அன்னிக்கே மறந்திருப்பேன். நீ குறி வெச்ச. எங்கப்பன் அடிச்சிக் குவிச்ச நெல்லு மேலதான் அந்தக் குறிய வெப்பாங்க. அவரு எடுத்துடப் போறாருன்னுதான் வெப்பாங்க. அத நம்ம ரூமுக்குள்ள கொண்டாந்துட்ட."

கோலம் போல நான் பார்த்து வளர்ந்த அந்தக் கோட்டை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களும் இருந்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மன்னித்துவிடு என்றேன். துணி காய வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

சிஸ்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் விடாமல் போட்டேன். டீயைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு விசித்திரம் நடந்தது. சாயங்காலம் ஓவர்கோட்டைக் கழற்றும்போது பாக்கெட் கனத்தது. காலையில் போட்ட ஆழாக்கு அப்படியே இருந்தது. தின்ன வேண்டும் என்று நினைவே வரவில்லை. பத்து வருஷப் பழக்கம், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு இருந்த ஒரே ஆள் அடுத்த ஸ்டூலில் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சிஸ்டர் கேட்ட இரண்டு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. தினமும் எழுதி, கடைசி வரியில் 'அரிசி: இல்லை' என்று போட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் பெஞ்சில் நோட்டைத் திறந்தே வைத்தேன். அமலா அந்தப் பக்கம் திரும்பியதாகவே தெரியவில்லை. அக்டோபரில் ரத்தம் பத்தைத் தாண்டியது. பர்மனென்ட் ஆர்டர் வந்தது, அவளுக்கும் வந்தது. எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். அவளும் ஒன்று எடுத்துக்கொண்டாள், பேசவில்லை. அதற்குள் வீட்டில் நிச்சயித்திருந்த என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தபோதும் வாங்கிக்கொண்டாள், பேசவில்லை.

ஐப்பசிக் கடைசியில் எங்கள் ஊரில் கல்யாணம். முதல் நாளே பிடித்த மழை முகூர்த்தத்தன்று வானம் பொத்துக்கொண்டது போல ஊற்றியது. பந்தலின் ஒரு பக்கம் சரிந்தது. கம்பெனியிலிருந்து வருவதாகச் சொன்ன யாரையும் காணோம். தாலி கட்டி முடிந்து குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தேன். பந்தல் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. சுபாஷ் ஓட்ட, பின்னால் பாலிதீன் தாளைத் தலையில் பிடித்தபடி அமலா.

சேலையைப் பிழிந்துகொண்டு நேராக மணமேடைக்கு வந்தாள். அட்சதைத் தட்டை யாரோ அவளிடம் நீட்டினார்கள். ஒரு பிடி அள்ளிக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

"திங்காதன்னு அப்பவே சொன்னேன் இல்ல?" என்றாள். "இத தலயிலதான் போடுவேன். எடுத்து வாயில போட்டுக்காத. நோட்டுல தெனம் இல்ல இல்லன்னு எழுதிகினு இருந்தியே."

படித்திருக்கிறாள். தினமும் படித்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியது. அவள் போட்ட மஞ்சள் அரிசியில் ஒரு மணி நெற்றியிலிருந்து வழுக்கி உதட்டோரம் ஒட்டிக்கொண்டது. யாரும் பார்க்காதபோது அதைத் தின்றுவிட்டேன், அதை மட்டும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.