வேலி தாண்டி வந்த சாமான்கள்

மாவு மில் மூடியதிலிருந்து ரயில்வே தெருவின் பதினோரு வீடுகளிலும் ஆண்கள் பகலெல்லாம் வீட்டில்தான் கிடந்தார்கள். 1931ஆம் வருஷம். ரொட்டி, இறைச்சி, தேயிலை எல்லாம் ரேஷன் சீட்டுக்குத்தான். அந்தச் சீட்டைக் கொடுக்குமுன் நிவாரண அதிகாரி சைக்கிளில் வந்து வீட்டைச் சோதிப்பார். விற்கக்கூடிய பொருள் ஏதாவது கண்ணில் பட்டதோ, போச்சு. முதலில் அதை விற்றுச் சாப்பிடு, அப்புறம் வா என்று போய்விடுவார். கிராமபோனை விற்பதாம்! ஊரே சோற்றுக்கு லாட்டரி அடிக்கும்போது வாங்க எவன் இருக்கிறான்? சட்டம் போட்ட மகராசனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

தெருவும் லேசுப்பட்டதில்லை. அதிகாரி முன்வாசலில் ஒரு வீட்டை முடித்து வெளியே வந்ததும், மற்ற வீடுகளின் சாமான்கள் பின்வேலி வழியாகக் கைமாறிக் கைமாறி அந்த முடிந்த வீட்டுக்கு வந்துவிடும். முடிந்த வீட்டுக்குள் அவர் மறுபடி நுழைவதில்லை. தெருவின் முதல் வீடு ஹெர்ப் பாஸ்கோவுடையது. அதனால் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஹெர்ப் வீட்டில் ஒளித்துவைக்க எதுவும் கிடையாது. அவர் மனைவி ஐவியின் தையல் மெஷின் போன குளிர்காலத்திலேயே விலைக்குப் போய்விட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அதிகாரி வந்தார், பார்த்தார், சீட்டு உண்டு என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். ஹெர்பின் ஒன்பது வயது மகள் டல்சி முன்கேட்டில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு வாசலுக்குப் போவதற்குள் அவர் சைக்கிள் டயரில் முள் ஏறிவிட்டது.

"பாப்பா, ஒரு வாளி தண்ணி கிடைக்குமா? ஓட்டை எங்கேன்னு பாக்கணும்."

"தொட்டி பின்னாடி இருக்கு. வாங்க சார்," என்றாள் டல்சி. பெரியவர்களிடம் மரியாதையாக இருக்கவேண்டும் என்று வளர்த்த பிள்ளை. பாவம், அந்த நேரத்தில் வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

கொல்லையில் இரண்டு தையல் மெஷின், ஒரு கிராமபோன், ஒரு அக்கார்டியன். பக்கத்து வீட்டு மிக் கினேன் வேலிக்கு மேலே சுவர்க் கடிகாரத்தை நீட்டிக்கொண்டிருந்தார். ஹெர்ப் அதைக் கையில் வாங்கியபடி திரும்பினார்.

டல்சி அப்படியே நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் யாரோடது?" அதிகாரி கேட்டார்.

ஹெர்ப் வேலியைப் பார்த்தார். மிக் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஏப்ரனில் கை துடைத்தார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர் 'என்னுடையது' என்று சொல்லமாட்டார்களா என்று டல்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வாய் திறக்க ஆளில்லை.

"என்னோடதுதான்," என்றார் ஹெர்ப்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அதிகாரி கெட்டவரில்லை. அது பொய் என்று அவருக்கும் தெரியும். "இப்பக்கூடச் சொல்லலாம் பாஸ்கோ," என்றார். ஹெர்ப் கடிகாரத்தைக் கீழே வைத்தார். எழுதியதை அடித்துவிட்டு அவர் போனார்.

சாயங்காலம் சாமான்கள் வந்த வழியே திரும்பின. மிக் கடைசியாக வந்தார். "ஹெர்ப்... அஞ்சு பிள்ளைங்கடா எனக்கு."

"தெரியும்டா. பிடி, கீழ போட்டுறாத."

"அப்பா, நம்மளோடதுன்னு சொன்னீங்களே," என்றாள் டல்சி. "அப்புறம் ஏன் குடுக்கிறீங்க?"

"உள்ள போடி," என்றாள் ஐவி. பிறகு கணவரிடம் வெடித்தாள். "பெரிய தர்மப் பிரபு! நாம எதைத் தின்னுறது?"

டல்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்று அரித்துக்கொண்டே இருந்தது. அவளை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வேலை தேடி ஊர் ஊராக நடக்கும் தனி ஆளுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ரேஷன் கொடுத்தார்கள். புருஷன் விட்டுவிட்டு ஓடிய பெண்ணுக்கும் மனு போட்டால் கிடைக்கும். வெள்ளிக்கிழமை ஹெர்ப் போர்வையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே கிளம்பினார். "அதிகாரி கேட்டா அப்பா எங்கேன்னு தெரியாதுன்னு சொல்லணும், என்ன?" என்று ஐவி டல்சியை நூறு தடவை சொல்லவைத்தாள். அவரிடமிருந்து வந்த கடிதங்களைப் படித்ததும் அடுப்பில் போட்டாள். கினேன் வீட்டம்மா வேலிமேல் அரை ரொட்டி வைத்துவிட்டுப் போவாள். ஐவி அவள் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொள்வாள்.

ஐவி போட்ட மனுவை விசாரிக்க அதே அதிகாரி வர மூன்று மாதம் ஆயிற்று.

"அப்பா எங்கேம்மா இருக்கார்?"

"தெரியாது சார்," என்றாள் டல்சி.

அவர் சீட்டில் கையெழுத்துப் போட்டார். ஐவி அதை வாங்கி மடித்துக்கொண்டாள். கடைசிக் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.