மழைக்கு எடுக்காத துணிகள்

உலக சமாதானம் என் உள்பாவாடையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கர்னலம்மா கூட்டம் போட்டு அதைச் சொன்ன அன்று நானும் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்காததால் பாதியிலேயே இருமலாக மாற்றிக்கொண்டேன்.

கர்னலம்மா எங்கள் குடியிருப்பின் பெரிய அதிகாரியின் மனைவி. அவருக்குக் கீழே ராணுவம், இவளுக்குக் கீழே நாங்கள். ராணுவத் தலைமையகத்தின் மதிலை ஒட்டி, ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் துணி காயப்போடக் கம்பி, எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளைகள் விளையாட ஒரு மைதானம்.

"காலையில, மத்தியானம், சாயங்காலம்னு அந்தப் பக்கத்து சாட்டிலைட் நம்மளைப் படம் எடுக்குது," என்றாள். "கம்பியில துணி காயுதா, கிரவுண்டுல பிள்ளைங்க ஓடுதான்னு பாக்கறாங்க. நம்ம குடும்பங்க கிளம்பிட்டா, நாம முதல்ல குண்டு போடப் போறோம்னு நினைப்பாங்க. நினைச்சா, அவங்க முந்திப்பாங்க. அதனால ஒருத்தரும் ஊரை விட்டுப் போகக் கூடாது. தினமும் துவைங்க, தினமும் காயப்போடுங்க. பிள்ளைங்க சாயங்காலம் விளையாடியே ஆகணும்."

சண்டை ஒரு தீவுக்காக. தீவு என்பதே மரியாதைக்குச் சொல்வது. ஆடு மேயக்கூடப் புல் இல்லாத பாறை. அதற்கு இரண்டு பக்கமும் கப்பல் அனுப்பின. எங்கள் கப்பல் ஒன்று மூழ்கியது, அவர்கள் விமானம் ஒன்று விழுந்தது. இப்போது இரண்டு தலைவர்களும் தொலைக்காட்சியில் அணுகுண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஆயுதம் விற்ற பெரிய நாடு, பொறுமை காக்கும்படி அறிக்கை விட்டது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற வேலை.

என் வீட்டுக்காரருக்கு வேலை மதிலுக்கு உள்ளே, பூமிக்குக் கீழே ஓர் அறையில். இரண்டு ராணுவங்களும் நேராகப் பேசிக்கொள்ள ஒரு தொலைபேசி உண்டு. அதை எடுத்துப் பேசுகிறவர் இவர். வீட்டில் நான் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் காதில் விழும் என்பது வேறு விஷயம்.

கூட்டம் முடிந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போதே அவரிடம் கேட்டேன். "வாண்டை மட்டும் என் தம்பி வீட்டுக்கு அனுப்பிடலாங்க. ஒரே ஒரு குழந்தை போனா மேல இருந்து தெரியவா போகுது?"

வாண்டு எங்கள் மகள். இரண்டாம் வகுப்பு. என் வகுப்பிலேயே படிக்கிறாள். குடியிருப்புப் பள்ளியில் நான் டீச்சர்.

"எல்லா வீட்லயும் இதையேதான் சொல்லுவாங்க," என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"எல்லாரையும் பத்தி எனக்கென்ன? நான் பெத்தது ஒண்ணு."

"நான் பெறலையா?"

"நீங்க எங்க பெத்தீங்க? வெளியில பெஞ்சுல உக்காந்து தூங்கிட்டிருந்தீங்க."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். "அந்தப் பக்கம் போன் எடுக்கறவன் நேத்து கேட்டான், உங்க பொண்ணு நல்லா இருக்காளான்னு," என்றார். "அக்கறையில கேக்கல. ஊர்ல இருக்காளான்னு பாக்கறான். நான் பொய் சொல்லி அவன் கண்டுபிடிச்சா, அப்புறம் நான் சொல்ற ஒரு வார்த்தையையும் நம்ப மாட்டான். இன்னைக்கு அவங்க பட்டனைத் தொடாம இருக்காங்கன்னா, நான் சொல்றதை அவன் நம்பறதுதான் காரணம்."

வந்த ஆத்திரத்தில் பாத்திரங்களை உடைகிற மாதிரி கழுவினேன்.

அடுத்த வாரம் என் வகுப்பு மெலிய ஆரம்பித்தது. ஒருத்திக்கு அம்மை, ஒருவனுக்குச் சித்தப்பா கல்யாணம், இரட்டையர்களுக்கு ஒரே நேரத்தில் கால் சுளுக்கு. நானும் முட்டாள் மாதிரி, "உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் வாண்டும் நானும் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருந்தோம். அவள் எழுந்து நின்று, "எல்லாரும் வந்தாச்சு டீச்சர்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்துப் பல் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பூட்டு. பின்பக்கம் போனால் கம்பி நிறையத் துணி. அடுத்த வீடும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. எப்படி நடந்திருக்கும் என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. முதலில் போனவள், "என் துணியைக் கொஞ்சம் மாத்தி மாத்திப் போடுங்க அக்கா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த அக்கா இரண்டு வீட்டுத் துணியையும் அடுத்தவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அப்படியே வரிசை முழுவதும். கடைசி ஆளாக நின்றவள் யாரிடமும் சொல்ல முடியாமல், எல்லாக் கம்பிகளிலும் ஒரு தடவை துணியை நிரப்பிவிட்டு நடையைக் கட்டியிருக்கிறாள்.

என்னிடம் மட்டும் ஒருத்தியும் மூச்சுவிடவில்லை. போன் எடுக்கிறவர் பெண்டாட்டி அல்லவா!

நேராகக் கர்னலம்மா வீட்டுக்குப் போனேன். "உங்க பேரப்பசங்க எங்கே?" என்றேன்.

"உள்ள தூங்கறாங்க," என்றாள். வாசலில் இரண்டு சின்னச் சைக்கிள்களும் பூட்டிக் கிடந்தன, மேலே தூசி. ஊருக்குத்தான் உபதேசம். உள்ளே போய், அவள் வீட்டுப் போனிலேயே என் தம்பியைக் கூப்பிட்டேன், அவள் காதில் விழட்டும் என்றே சத்தமாக. "நாளைக்குக் காலையில காரை எடுத்துக்கிட்டு வாடா."

தம்பி சொன்னபடி வந்தான். வாண்டின் பையில் துணிகளைத் திணித்தேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டும். தம்பியைச் சாப்பிட உட்கார வைத்தபோது வானம் இருட்டி, பெரிய பெரிய தூறலாக விழ ஆரம்பித்தது.

"மழை! மழை! துணி எடுங்க!" என்று கத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். எங்கள் குடியிருப்பில் முதல் துளியைப் பார்க்கிறவள் அப்படிக் கத்த வேண்டும், அது வழக்கம். கத்தினால் வரிசை முழுக்கக் கதவுகள் படபடவென்று திறக்கும். "என்னோடதையும் எடுங்க அக்கா, அடுப்புல வச்சிருக்கேன்" என்று ஒரு குரல் வரும். யாருடைய ஜாக்கெட்டோ யார் வீட்டுக்கோ போய், அதற்கு ஒரு வாரம் பஞ்சாயத்து நடக்கும். அன்று என் குரலுக்கு ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. வரிசை வரிசையாகத் துணிகள் நனைந்து கனத்துத் தொங்கின. தூரத்தில் கர்னலம்மா தன் புடவையை இழுத்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில், பயணம் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் தங்கிவிட்ட நிறைமாசக்காரி ஒருத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளியில் துணியைப் போட்டாள். அவ்வளவுதான் நாங்கள்.

மழை கொட்டித் தீர்த்துவிட்டு நின்றது. மத்தியான வெயில் ஒன்றும் நடக்காதது மாதிரி வந்தது. தம்பி காரைக் கிளப்பப் போகும்போது வீட்டுப் போன் அடித்தது. அவர் வேலை செய்யும் அறையிலிருந்து வீட்டுக்குப் பேசவே கூடாது. அதனால் அவர் குரலைக் கேட்டதும் தம்பியை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"ஏன் யாரும் துணியை எடுக்கல?" என்றார்.

"என்னங்க?"

"அந்தப் பக்கத்துல இருந்து கேக்கறான். காலையில எடுத்த படத்துல இருந்த துணி, இவ்வளவு மழைக்கப்புறமும் அதே இடத்துல அப்படியே இருக்காம். மழைக்குத் துணி எடுக்காத பொம்பளைங்க எந்த ஊர்ல இருக்காங்கன்னு கேக்கறான். நேத்து சாயங்காலம் கிரவுண்டும் வெறிச்சுன்னு கிடந்துச்சாம், எல்லாரும் எங்க போனாங்கன்னு கேக்கறான்."

இதைக் கண்டுபிடித்தவன் வீட்டிலும் மழை வந்தால் ஒருத்தி கத்திக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் ஓர் ஆம்பளைக்கு இது தோன்றியிருக்குமா?

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாரும் இங்கதான் இருக்காங்கன்னு சொன்னேன். அப்போ சாயங்காலப் படத்துல பிள்ளைங்க தெரியணும்னுட்டான். தெரியலைன்னா அவங்க அடுத்த கட்டத்துக்குப் போவாங்க. அவங்க போனா நாங்களும் போவோம். அதுக்கப்புறம் பேச்சுக்கு வேலை இல்ல. பிள்ளைங்களை அனுப்பு. பெரியவங்க நின்னு ஏமாத்த முடியாது, நிழலை வச்சு உயரத்தை அளந்துடுவாங்க."

"எந்தப் பிள்ளைங்களைங்க அனுப்பச் சொல்றீங்க? உங்க கர்னல் வீட்டுப் பேரனுங்களே போயாச்சு! இந்தக் குடியிருப்புல இப்ப இருக்கிற ஒரே குழந்தை நம்ம வாண்டு. அவளும் கார்ல ஏறியாச்சு. தம்பி வந்திருக்கான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அனுப்பிடு," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"அனுப்பிடு அவளை. நீயும் கூடப் போ. நான் அவன்கிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இந்த மனுஷனைத் தெரியும். ஒரு புடவையைப் பிடிக்கவில்லை என்றால்கூட நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லத் தெரியாது. இவர் ஒன்றும் சமாளிக்கப் போவதில்லை. முடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பேசுகிறார். கடைசியாக மகளை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளப் பார்க்கிறார். எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் வந்த பாசத்துக்கு, போனையே கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். "வச்சிடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்து கார்க் கதவைத் திறந்தேன். "இறங்குடி."

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா?" என்றான் தம்பி. விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. "அப்படின்னா இப்பவே கிளம்பணும்! ஏறு நீயும்!"

"உன் கார் ஏவுகணையை விட வேகமா போகுமா?"

"எவ்வளவு தூரம் போக முடியுமோ..."

"எவ்வளவு தூரம்டா? உன் ஊருக்குப் பக்கத்துல விமான தளம் இல்லையா? வழியில எங்கயாவது இருக்கும்போது விழுந்துட்டா? இவ இங்க நின்னா அது கிளம்பாமலே போக ஒரு வழி இருக்கு. இவ போனா அதுவும் இல்ல."

பெற்ற மகளைப் பணயம் வைக்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். எது சரி என்று இன்று யாராவது எனக்கு விளக்க வந்தால் செருப்பால் அடிப்பேன். அன்று எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கர்னலம்மாவும் நிறைமாசக்காரியும் நானும் தம்பியுமாக வீடு வீடாக ஓடி நனைந்த துணிகளை அள்ளினோம். பல் டாக்டர் வீட்டு வாசலில் கர்னலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் முதல்ல அனுப்பினேன். என்னைப் பாத்துத்தான் எல்லாரும்..." என்று உதடு துடிக்கச் சொன்னாள். "அழறதுன்னா துணியை எடுத்துக்கிட்டே அழுங்க," என்றேன். இப்போதும் அதற்காக எனக்கு வருத்தமில்லை.

வெயில் சாய ஆரம்பித்ததும் மைதானத்துக்குப் போனோம். ஈர மண்ணில் வாண்டு ஒருத்தியாக நின்றாள். அந்தப் பெரிய மைதானத்தில் அவளைப் பார்க்கவே எனக்குத் தாங்கவில்லை. நிழல் நீளக் கூடாதே என்று நாங்கள் குனிந்து, முழங்காலை மடக்கி, குந்தியபடியே அவளைத் துரத்தினோம். கர்னலம்மா அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு தவளை மாதிரி தத்தினாள். தம்பி ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு மண்டியிட்டு ஓடினான், பேன்ட் முழங்கால் கிழிந்தது. நிறைமாசக்காரி ஓட முடியாமல் நடுவில் உட்கார்ந்து, சின்னக் குழந்தை மாதிரி மண்ணை அளைந்தாள். வாண்டுக்கு ஒரே கொண்டாட்டம். "பெரியவங்க எல்லாம் அவுட்டு! மாமா அவுட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

படம் எப்போது எடுப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எடுத்துவிட்டார்களா என்றும் தெரியாது. அவர் போன் செய்யவில்லை. செய்தாலும் எடுக்க வீட்டில் ஆள் இல்லை. அதனால் நிறுத்த முடியவில்லை. கர்னலம்மா மூச்சு வாங்கி மண்ணில் கவிழ்ந்து படுத்துவிட்டாள். தம்பியின் முழங்காலில் ரத்தம் வழிந்தது. வாண்டு வேகம் குறைந்து, நடந்து, நின்றாள்.

"போதும்மா. கால் வலிக்குது."

"இன்னும் கொஞ்சம்டா கண்ணு."

"மாமா வீட்டுக்கு எப்போ போறோம்?"

"ஓடு, சொல்றேன்."

நாலு அடி ஓடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு இந்த விளையாட்டு வேணாம்," என்றாள். நான் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தேன். கழுவிவிட்ட மாதிரி ஒரு மேகம்கூட இல்லாமல் கிடந்தது.

"உட்காராதேடி! எந்திரி! ஓடு!"

அந்தக் குரலில் நான் அவளிடம் பேசியதே இல்லை. கையை வேறு ஓங்கிவிட்டேன். அவள் பதறி எழுந்தாள். என்னைப் பார்த்துப் பயந்து, என்னிடமிருந்து விலகி, மைதானத்தின் அந்தக் கோடிக்கு அழுதுகொண்டே ஓடினாள். நான் பிடிக்கப் போகவில்லை. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு அவள் ஓடுவது தெரியும், அழுவது தெரியாது.