சின்னாயியின் வலது கை

உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. கோயமுத்தூரிலிருந்து ஒரு பெண் போன் போட்டு அதையே கேட்டாள். நாலு வரியில் எழுதி அனுப்பினால் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார்களாம். படமே இல்லை, நாலு வரிக்கு எங்கே போவேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கலைக்கூடத்தில் ஐந்து ஓவியர்கள் சேர்ந்து வைக்கிற கண்காட்சியில் எனக்கென்று ஒரு சுவர் ஒதுக்கியிருந்தார்கள். நாற்பத்தொரு வயதில் கயல்விழிக்குக் கிடைத்த முதல் சுவர். சித்திரை முடிவதற்குள் படங்கள் போய்ச் சேர வேண்டும். நாலு மாதமாக வெள்ளைத் துணியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் ஸ்டுடியோ பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையின் மாடியில் இருக்கிறது. கீழே இருபத்துநாலு தறிகள் இரவு பகலாக ஓடும். தரை அதிரும், ஸ்டாண்ட் அதிரும், கையில் இருக்கிற பிரஷ்ஷும் அதிரும். நேராக ஒரு கோடு இழுக்க வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும். அமைதியான இடமாகப் பார்த்துப் போகக்கூடாதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களையும் எனக்குப் பிடிக்காது.

எனக்குச் சோறு போடுவது செத்தவர்களின் படங்கள். எங்கள் பக்கம் பதினாறாம் நாள் காரியத்தோடு படத்திறப்பும் வைப்பார்கள். பந்தல் போட்டு, ஊரில் பெரிய ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, படத்தை மூடியிருக்கும் துணியை விலக்கச் சொல்லுவார்கள். போட்டோவைப் பெரிதுபடுத்திக் கண்ணாடி போட்டால் போதாது, கையால் வரைந்த படம்தான் மரியாதை என்று நினைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சாவு சொல்லிக்கொண்டா வருகிறது? அதனால் வேலை இல்லாத நாட்களில் உடம்புகளை மட்டும் வரைந்து வைத்துவிடுவேன். ஆணென்றால் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பெண்ணென்றால் சிவப்புக் கரை போட்ட பச்சைப் பட்டு, கழுத்தில் ரெட்டை வடம், மடியில் படிந்த வலது கை. கழுத்துக்கு மேலே காலி. ஆள் வந்து போட்டோ கொடுத்ததும் முகத்தை வரைந்து முடிப்பேன். அந்தக் கை என்னுடைய கைதான். பத்து வருடத்துக்கு முன்னால் நிலைக்கண்ணாடி முன் உட்கார்ந்து வரைந்து, தாளில் படி எடுத்து வைத்திருக்கிறேன். பள்ளிபாளையத்திலிருந்து வெண்ணந்தூர் வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் என் கை மாலைக்குக் கீழே கிடக்கிறது.

வேலுமணி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முப்பது வயதிருக்கும். அம்மா செத்ததற்குத் தலையும் மீசையும் மழித்த முகம். ஆற்றோரம் இருக்கிற கைலாசத்தின் தறிப்பட்டறையில் மேஸ்திரியாக இருக்கிறான். அம்மா சின்னாயியும் அதே பட்டறையில்தான் தறி ஓட்டியிருக்கிறாள்.

"அக்கா, அம்மா படம் வேணுமுங்க. பதினாறுக்கு மொதலாளியே வந்து தொறந்து வெக்கறேன்னு சொல்லீட்டாருங்க."

அவன் நீட்டியது ஆதார் அட்டை. எல்லோருக்கும் அதில் விழுகிற முகம்தான் சின்னாயிக்கும் விழுந்திருந்தது, கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

"நெறத்தக் கொஞ்சம் தூக்கி உட்டுருங்க. கழுத்துல ரெட்ட வடம் போட்டுருங்க."

"போட்டிருந்தாங்களா?"

"இல்லீங்க. போட்டா நல்லா இருக்குமல்லங்க."

ரெட்டை வடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. நிறத்தையும் ஒரு சுற்று ஏற்றினேன். ஜாடையில் மட்டும் நான் ஏமாற்றுவதில்லை. வலது புருவத்துக்கு மேல் இருந்த தழும்பு, கொஞ்சம் ஏறி நின்ற மேலுதடு, எல்லாம் மூன்று நாளில் வந்துவிட்டது. நன்றாகத்தான் வந்திருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் படத்திறப்புக்குப் போனேன்.

கைலாசம் வெள்ளை வேட்டி கசங்காமல் காரிலிருந்து இறங்கினார். மைக்கைப் பிடித்து, சின்னாயி இருபத்தாறு வருடம் நம் பட்டறையில் இருந்தவள், நம் வீட்டில் ஒருத்தி மாதிரி என்று பேசினார். துணியை விலக்கினார். அச்சு அசல் சின்னாயிதான் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். மாலை போட முதலில் சின்னாயியின் வீட்டுக்காரர் பொன்னனைக் கூப்பிட்டார்கள். ஒல்லியான மனிதர். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தார்.

"மொகம் அவதானுங்க," என்றார். "கை யாருதுங்க?"

வேலுமணி அவர் தோளைப் பிடித்து, "அப்பா, சும்மா இருங்க," என்றான்.

"ஏன் சும்மா இருக்கோணும்? அவளுக்கு வலது கையில ரெண்டு வெரல் இல்லைங்க. மொதலாளி பட்டறையில, பல்சக்கரத்துல போச்சு. மூடி கழண்டு கெடக்குதுன்னு அவளும் பத்து நாளாச் சொல்லீட்டிருந்தா. ஆசுபத்திரியில கொண்டுபோயி, ஊட்டுல அருவாமனையில வெட்டிக்கிட்டான்னு எழுத வெச்சாங்க. இன்னைக்குப் படத்துலயும் ரெண்டு வெரலும் மொளச்சிருச்சு. இனி ஒண்ணுமே நடக்கலைன்னு ஆயிப்போச்சல்லங்க."

கைலாசத்தின் முகம் ஒரு நொடிதான் மாறியது. "துக்கத்துல பேசறாரு, உடுங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர்களிடம். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "கை ரொம்ப அம்சமா வந்திருக்குதும்மா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த ஆளின் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. அந்தப் பாராட்டுக்கு நான் தகுதியானவள்தான் என்பது அதைவிட எரிந்தது. ஒரு பைசா வாங்காமல், அவர் ஒரு வார்த்தை கேட்காமலே, அவருக்காக நான் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறேன். அதுவும் என் கையாலேயே. அதற்குள் வேலுமணி அப்பாவிடமிருந்து மாலையைப் பிடுங்கித் தானே போட்டுவிட்டான். பந்தியில் உட்காரச் சொன்னார்கள். துண்டைப் பந்தல் காலில் தொங்கப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பொன்னன் மாடிப்படி ஏறி வந்தார். நான் தலையில்லாத உடம்புகளையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து உங்களையும் சேத்துச் சொல்லீட்டனுங்க. தப்பா நெனைக்காதீங்க அம்மிணி."

"தப்பாத்தான் நினைச்சேன். உங்களை இல்லை," என்றேன். "அவங்க கை எப்படி இருக்கும்? காட்டுங்க."

அவர் யோசிக்கவேயில்லை. வலது கையை நீட்டி, நடுவிரலையும் மோதிர விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கினார். மேஜைமேல் இருந்த டம்ளரை மிச்ச விரல்களால் எடுத்தார். "இப்படித்தான் புடிப்பா. இப்படியேதான் சோறு பெசைவா. சீப்பு மட்டும் இடது கைக்கு மாறிருச்சு." அந்த முரட்டுக் கையில் ஒரு பெண் டம்ளர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணால் பார்த்தேன்.

நாலு நாள் வந்து உட்கார்ந்தார். மடக்கின விரல்கள் மரத்துப்போய்த் தானாக நிமிர்ந்துகொள்ளும். திட்டிக்கொண்டே மறுபடி மடக்குவார். நான் நாலடித் துணியில் அந்தக் கையை மட்டும் வரைந்தேன், டம்ளரும் கையும், வேறொன்றும் இல்லை. கீழே தறி ஓடியதா நின்றதா என்றே தெரியவில்லை. கைலாசத்தின் சிரிப்பு ஒவ்வொரு முறை நினைவுக்கு வரும்போதும் பிரஷ் தானாக அழுந்தியது. சாப்பாட்டை மறந்தேன், வீட்டிலிருந்து வந்த போனை எடுக்கவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. இப்படி ஒன்றை நான் இதற்கு முன் வரைந்ததில்லை.

கோயமுத்தூருக்குப் போன் போட்டேன். ஒரு படம் தயார், மற்றவையும் வந்துவிடும் என்றேன். "இன்ஸ்பிரேஷன் வந்துடுச்சா மேடம்?" என்று அந்தப் பெண் சந்தோஷப்பட்டாள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொன்னன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இது எங்கீங்க போவுது?"

"கோயமுத்தூருக்கு. பெரிய பெரிய ஆளுங்க வந்து பார்ப்பாங்க."

அவர் தலையாட்டினார். "ஊட்டுச் செவுத்துல பொய்யி, கோயமுத்தூர்ச் செவுத்துல நெசமுங்களா, அம்மிணி?"

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் நான் கத்துவேன், அதுதான் என் குணம். "நான் என்னங்க பண்றது? உங்க பையன்தானே அதை மாட்டி வெச்சிருக்கான்? அவனைப் போய்க் கேளுங்க!"

"மாட்டுனது அவனுங்க. வரைஞ்சது நீங்கதானுங்க," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி வரைக்கும் அவரைத் திட்டினேன். மறுநாள் மத்தியானம் வரைக்கும் திட்டினேன். வீட்டுச் சுவரில் அவளுக்கு என் முழுக் கை, கண்காட்சியில் அவள் காயம். கைலாசத்துக்கு அவள் விரல் இருந்தது போல் தெரிந்தால் லாபம், எனக்கு இல்லாதது போல் தெரிந்தால் லாபம். நான் எந்த ஊர் நியாயம் பேசுகிறேன்? பச்சை, சிவப்பு, தோல் நிறத்துக்கு நாலு டியூப், இரண்டு பிரஷ், ஒரு தட்டு, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வரிசை வீடுகளில் மூன்றாவது அவர்களுடையது. வேலுமணிக்கு நைட் ஷிப்டு என்பதால் பகலில் வீட்டில்தான் இருந்தான். கதவைத் திறந்தவன் பையைப் பார்த்ததுமே வழியை மறித்து நின்றான்.

"வேண்டாமுங்கக்கா. மொதலாளி வந்து போற ஊடு இது. நாளைக்கு எனக்கு அங்க வேலை இருக்கோணுமல்லங்க."

"ஓவியக்காரிக்குப் பைத்தியம், தடுத்தும் கேக்கலைன்னு சொல்லிடு. நகரு."

"அப்பா சொல்லித்தான வந்தீங்க? அவருக்கென்ன, சொல்லீட்டுப் போயிருவாரு. அந்தாளு மூஞ்சியில தெனமும் முழிக்கறது நானுங்க!"

"உங்கம்மாவும்தான் முழிச்சாங்க. இருபத்தாறு வருசம். அந்தக் கையோட."

அவன் முகம் கறுத்தது. அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதுதான். ஆனால் சொன்னதும் அவன் ஓரடி விலகினான், நான் உள்ளே போய்விட்டேன். பொன்னன் ஸ்டூலைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டு, ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏறி நின்று காய்ந்த மாலையை ஒதுக்கினேன். சேலைப் பச்சையைத் தட்டில் குழைத்தேன். மடியில் கிடந்த என் கைமேல் பிரஷ்ஷை வைத்தேன்.

மோதிர விரல் போனது. அது இருந்த இடத்தில் பட்டுச் சேலை வந்தது. பின்னால் வேலுமணி மூச்சு வாங்குவது கேட்டது. நடுவிரலின் நுனியில் பச்சையைத் தொட்டுக் கீழே இழுக்கப் போனேன்.

"நிறுத்துங்க!"

ஸ்டூலைத் தள்ளிவிடப் போகிறான் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் கண்ணெல்லாம் சிவந்து நின்றான்.

"அத முழுசா அழிக்காதீங்க. அது அப்படி இல்ல."

"என்ன இல்லை?"

"மோதர வெரலுதான் அடியோட போச்சு. நடு வெரலு பாதி இருந்துச்சுங்க. நெகமில்லாம, மொழுக்குன்னு. அதப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். மத்த வெரலக் குடுத்தா வேண்டாம்பேன்."

"ஆமா சாமி," என்றார் பொன்னன், ஸ்டூலை விடாமல். "பாதி இருந்துச்சு. எனக்குப் பாதியா மடக்க வரலீங்க, அம்மிணி."

என் நாலடிப் படத்தில் இரண்டு விரலும் அடியோடு இல்லை. அதைத்தான் உண்மை என்று கோயமுத்தூருக்கு அனுப்ப இருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதைக் கொட்ட எதிரில் அவன்தான் நின்றான்.

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? அம்மாவோட கையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு வாயில்லையா?"

"நீங்க கேட்டீங்களா?" அவனும் அதே குரலில் கத்தினான். "ரெட்ட வடம் போட்டிருந்தாங்களான்னு கேட்டீங்க. கையக் கேட்டீங்களா?"

பக்கத்து வீட்டில் யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். இத்தனை வருடத்தில், இத்தனை சாவு வீட்டில், ஒருத்தரிடமும் நான் கேட்டதில்லை.

பிரஷ்ஷைத் துணியில் துடைத்தேன்.

"எந்தக் கணு வரைக்கும்?" என்றேன்.

வேலுமணி கிட்டே வந்தான். தன் வலது கையை என் முகத்துக்கு நேராக நீட்டி, நடுவிரலில் மேல் பாதியை இடது கையால் மூடிக் காட்டினான். நான் வரைந்து முடிக்கிற வரைக்கும் அவன் கையை இறக்கவில்லை.