கர்ச்சீப் போட்ட நாற்காலி

அறிவியல் புனைகதை வாசகர் மாநாடு ஓசூரிலேயே நடக்கிறது என்றதும், கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு உத்தனப்பள்ளியில் பஸ் ஏறினேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிப் பேச ஒரே ஒரு மனிதர். கம்பெனியில் பேசிப் பார்த்துவிட்டேன். 'முனிவேலு, கல்யாணம் பண்ணிக்கோ, சரியாப்போயிடும்' என்றார்கள்.

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் பாதி நாற்காலி காலி. ஆனால் எதிலும் உட்கார முடியாது. எல்லாவற்றிலும் கர்ச்சீப். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஜனம், எதிர்காலத்தைப் பற்றிப் பேச வந்தாலும் அதே ஜனம்தான்.

"இங்க ஆள் வராங்கணா," என்றார் ஹரீஷ்குமார். பெங்களூர் ஐடிக்காரர், காலப்பயணக் கோஷ்டியின் தலைவர்.

"எப்ப வருவாங்க?"

"வந்துட்டே இருக்காங்க."

காலப்பயணக்காரர்கள்தானே, நேற்றே வந்து சேர்ந்திருக்கக் கூடாதா?

எதிர்ப்பக்கம் விண்கலக் கோஷ்டி. தலைவி மேகலா, கிருஷ்ணகிரியில் இயற்பியல் டீச்சர்.

"நீங்க எந்த குரூப்?"

"பி ஷிப்ட்டுங்க," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சுவரோரம் நின்றே உரை கேட்டேன். இந்தப் பிரபஞ்சத்தில் நாம் தனியாக இல்லை என்றார் பேச்சாளர். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று பந்திக்குப் போனால், ஒரே ஒரு இலை காலி. ஏன் காலி என்பது உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. இடப்பக்கம் ஹரீஷ்குமார், வலப்பக்கம் மேகலா. ஏதோ வாட்ஸ்அப் சண்டையில் போன தீபாவளியிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லையாம்.

"அண்ணா, கடந்த காலத்துக்கெல்லாம் போக முடியாதுன்னு அவருகிட்ட சொல்லுங்க."

"ஒளியை விட வேகமா கலம் ஓட்டறவங்க இதைச் சொல்லக் கூடாதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்கணா."

நான் இப்படியும் அப்படியும் திரும்புவதற்குள் என் ரசம் இலையை விட்டே ஓடிவிட்டது. என் பொறுமையும்தான்.

"ஏங்க, கோடி கிலோமீட்டர் தாண்டறீங்க, ஒரு இலையைத் தாண்ட மாட்டீங்களா? காலையிலேர்ந்து நின்னு கால் மரத்துப்போச்சு. வேற கிரகத்துலேர்ந்து ஒருத்தன் வந்து எறங்குனாக்கூட, கர்ச்சீப்பைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுவான்."

பாயசம் ஊற்றியவர் வாளியோடு நின்றுவிட்டார்.

"அப்படி வந்தா," என்றார் ஹரீஷ்குமார் மெதுவாக, "எங்கணா எறங்குவான்?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று வருஷக்கணக்காக நான் காத்திருந்த கேள்வி.

"நாட்றாம்பாளையத்துலங்க. காட்டோரம். டவர் கிடைக்காது, ஒருத்தனும் வீடியோ எடுக்க முடியாது."

"தண்ணி வேணுமே அவனுக்கு?" என்றார் மேகலா.

"யானைக்குக் கிடைக்குது, அவனுக்குக் கிடைக்காதுங்களா?"

கை காயும்வரை பேசினோம். என் பேரையும் கேட்டுக்கொண்டார்கள். நடுவில் அவர்கள் இருவரும் என் தலைக்கு மேலாக நேரடியாகவே பேசிக்கொண்டதை, மூன்று பேருமே கவனிக்காத மாதிரி இருந்துவிட்டோம்.

மண்டபத்துக்குத் திரும்பினால் மறுபடியும் கர்ச்சீப். பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்து நடந்தேன்.

"எங்க போறீங்க முனிவேலண்ணா? இது உங்களுக்குப் போட்டதுதான்," என்றார் மேகலா, தன் பக்கத்து நாற்காலியைத் தட்டி.

"நாங்க மொதல்லயே போட்டுட்டோம்ணா," என்றார் ஹரீஷ்குமார், எதிர்ப்பக்கம் இன்னொரு நாற்காலியைக் காட்டி.

"பொய். நான் பார்த்துட்டுதான் இருந்தேன்."

ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு கர்ச்சீப்பையும் எடுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, ஒரு நாற்காலியை நடைவழியின் நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பேசணும்னா நாற்காலியைத் தூக்கிட்டு இங்க வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.